வில் பூசைக்கு மட்டும்தானா?

(நமது மைசூர் நிருபர்)

விஜயதசமி அன்று மாலை மைசூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எதுவும் வீட்டில் தங்காது. ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆனாலும் சரி, மில் தொழிலாளர் குடியிருப்பு ஆனாலும் சரி, மத்தியானமே கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையின் இரு பக்கமும் தலைகள்தான் தெரியும். 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில் சாமுண்டேசுவரி அம்மன் வீற்றிருக்க, யானை அசைந்து வரும். ஊர்வலத்தில் குதிரைகள், பாண்டு வாத்தியம், பொம்மை வண்டிகள்.

ஒரு தசராவின்போது என் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மகன் கேட்டான்: "அப்பா, அர்ஜுனன் வில்லை ஒளிச்சு வச்ச மரத்துக்குத்தானே யானை போகுது?"

"ஆமாம்" என்றேன்.

"அப்ப வில் எங்கே? ஊர்வலத்துல காணோமே?"

ஏழு வயதுப் பையனின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ரயில்வே கிளார்க் வேலையில் தினம் நூறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். எந்த வண்டி எந்த பிளாட்பாரம், எத்தனை மணி லேட்டு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். வில் எங்கே என்ற கேள்வியோ பல நாள் மனதில் கிடந்தது. லீவு கிடைத்தபோதெல்லாம் மைசூரைச் சுற்றி அந்த வில்லைத் தேடிப் போனேன். மேற்கே ஒரு தடவை, தெற்கே ஒரு தடவை, கிழக்கே ஒரு தடவை. அப்படித் தேடியதில் கண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

வன்னியும் பன்னியும்

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக இந்த ஊருக்கு வரும் நம்மவர்கள் 'பன்னிமண்டபம்' என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்கள். கூச்சம் வேண்டாம். நம் 'வ' கன்னடத்தில் பல இடங்களில் 'ப' ஆகிவிடும். அது நம் வன்னி மரம்தான். கன்னடத்தில் 'பன்னி' என்றால் 'வாருங்கள்' என்றும் பொருள். கடைக்காரர் 'பன்னி சார்' என்று கூப்பிட்டபோது முகம் சிவந்து, பிறகு அர்த்தம் தெரிந்து சிரித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

பாண்டவர்கள் 13-ஆம் ஆண்டில் மறைந்து வாழ விராட தேசத்துக்குள் நுழையுமுன் தங்கள் ஆயுதங்களை ஒரு வன்னி மரத்தில் கட்டி வைத்தார்கள் என்பது பாரதக் கதை. அந்த ஆயுதங்களில் தலையாயது அர்ஜுனனின் காண்டீபம். கெடு முடிந்து ஆயுதத்தை மீண்டும் கையில் எடுத்த நாள் விஜயதசமி என்று சொல்லுவார்கள். அதனால்தான் வன்னி மரத்துக்குப் பூசை. 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய தசரா, பிற்பாடு மைசூருக்கு வந்து இன்றுவரை நடக்கிறது. கர்நாடகத்தில் அன்று வன்னி இலையைப் பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள்.

நம் ஊரிலும் இது உண்டு. பழனிப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால், விஜயதசமி அன்று கோதைமங்கலம் கோயிலில் வாழை மரத்தில் அம்பு போடும் நிகழ்ச்சியைச் சொல்லுவார்கள். ராமநாதபுரம் சீமைக்காரர்களுக்கு மகர்நோன்பு என்றாலே அம்மன் அம்பு எய்யும் திடல்தான் நினைவுக்கு வரும். ஆக, ஆண்டுக்கு ஒரு நாள் சாமியின் கையில் வில் இருக்கிறது. ஆசாமியின் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதே மைசூரில் மல்யுத்தத்தைப் பாருங்கள். விஜயதசமி காலையில் அரண்மனைக்குள் ஜெட்டிகள் வஜ்ரமுஷ்டியால் மோதுவார்கள். ஒருவர் தலையில் ரத்தம் துளிர்த்ததும் சண்டை நிறுத்தப்படும். இதுவும் சடங்குதான். ஆனால் ஊருக்குள் 'கரடி மனை' எனப்படும் பயில்வான் கூடங்களில் விடியற்காலையில் செம்மண்ணில் புரளும் பிள்ளைகளை இன்றும் பார்க்கலாம். தசராவில் குஸ்திப் பந்தயமும் நடக்கிறது. கூடத்தில் தினம் பயிற்சி நடப்பதால்தான் அரங்கில் வருஷத்துக்கு ஒரு நாள் ஆட்டம் நடக்கிறது. வில்லுக்கு அப்படி ஊர் ஊராகக் கூடம் இல்லை. அதனால்தான் அது மரத்தில் ஏறிவிட்டது. அல்லது கல்லில் ஏறிவிட்டது.

கல்லில் என்றேன். மைசூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் சோமநாதபுரம் கோயில். 1268-இல் ஹொய்சாள தளபதி சோமநாதன் கட்டியது. வெளிச்சுவரில் ஓடும் ராமாயண, பாரதச் சிற்ப வரிசையில் வில்லேந்திய வீரர்களைக் காணலாம். 1117-இல் எழுந்த பேலூர் கோயிலில் வேட்டைக்காரி ஒருத்தி வில்லோடு நிற்கிறாள். நாண் இழுத்த கையின் வளைவைப் பார்த்தால், வில் பிடித்தவனைப் பார்த்துத்தான் சிற்பி செதுக்கியிருக்கிறான் என்று தோன்றும். ஆனால் கல் வில்லிலிருந்து அம்பு புறப்படாது.

மேற்கே: குறி தவறாத குறிச்சியர்

வயநாட்டுக்கு ரயில் இல்லை. நஞ்சன்கூடு–நிலம்பூர் பாதை வெகுகாலமாகப் பேச்சளவில் இருக்கிறது. மைசூரிலிருந்து எச்.டி.கோட்டை, பாவலி வழியாகவோ, குண்டல்பேட்டை, முத்தங்கா வழியாகவோ பஸ்ஸில்தான் போகவேண்டும். முத்தங்கா வழியில் பந்திப்பூர் காட்டுக்குள் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. பகலில் கிளம்புவதே நல்லது.

1956-இல் கேரளம் உருவாகும்வரை மலபார் மாவட்டம் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. வயநாடும் அதில் அடக்கம். அங்கே குறிச்சியர் என்ற ஆதிவாசி மக்கள் இருக்கிறார்கள். பெரிய கூட்டுக் குடும்பங்களாக வாழ்ந்து நெல் பயிரிட்டவர்கள். குறி வைப்பவர் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வோரும் உண்டு. அந்தக் குறி எப்படிப்பட்டது என்பதற்குச் சரித்திரமே சாட்சி.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்த பிறகு வயநாடு தனக்கே என்று கிழக்கிந்தியக் கம்பெனி சொன்னது. பழசி ராஜா ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குத் துணை நின்றவர்கள் குறிச்சியரும் குறுமரும். 1802 அக்டோபரில் எடச்சேன குங்கனும், குறிச்சியர் தலைவர் தலக்கல் சந்துவும் சுமார் 150 வில்லாளிகளோடு பனமரத்துக் கம்பெனி முகாமைத் தாக்கினார்கள். டிக்கின்சன், மாக்ஸ்வெல் என்ற இரண்டு அதிகாரிகளும் சிப்பாய்கள் 70 பேரும் மாண்டார்கள். 112 துப்பாக்கிகளும் 6 பெட்டி வெடிமருந்தும் 6,000 ரூபாயும் தாக்கியவர்கள் கைக்குப் போயின. மூங்கில் வில்லை வைத்துத் துப்பாக்கியைப் பிடித்த கதை இது.

ஆனால் கம்பெனி மறுபடி படை கொண்டுவந்தது. 1805 நவம்பர் 15-இல் சந்துவைப் பனமரத்தில் தூக்கிலிட்டார்கள். அதே மாதம் 30-ந் தேதி பழசி ராஜாவும் மாண்டார். அதோடு முடியவில்லை. வரியை விளைபொருளாக வாங்காமல் பணமாகக் கட்டு என்று கம்பெனி நெருக்கியபோது, 1812-இல் குறிச்சியரும் குறுமரும் மீண்டும் வில்லெடுத்தார்கள். சில வாரங்களில் அது அடக்கப்பட்டது. பழசி ராஜாவின் சமாதி மானந்தவாடியில் இருக்கிறது. சந்துவுக்குப் பனமரத்தில் நினைவிடம் எழுப்பப்பட்டிருக்கிறது.

போரில் தோற்ற பிறகும் வில் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. பயிரைப் பாழாக்கும் பன்றியை விரட்டவும், வேட்டைக்கும் அது வேண்டியிருந்தது. துலா மாதம் பத்தாம் நாள், அதாவது நம் ஐப்பசியில், வில்லோடு கூடி வேட்டைக்குப் போவது அங்கே வழக்கம். துலாப்பத்து என்று அதற்குப் பெயர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. யானையும் புலியும் மானும் அழியாமல் இருக்க அந்தச் சட்டம் வேண்டியதுதான். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கென்று இருந்த வில்லுக்கு வேலை போயிற்று. சடங்கு மிஞ்சியது.

அம்பலவயலில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வீரக்கற்களும், ஆதிவாசிகள் பயன்படுத்திய கருவிகளும் அங்கே உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வேட்டைக் கருவிகளுக்கு முன்னால் நின்றபோது என் பையன் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. சாமியின் கையில் ஒரு வில், கண்ணாடிக்குள் ஒரு வில்.

தெற்கே: தகப்பன் கொடுக்கும் வில்

குண்டல்பேட்டையிலிருந்து நேர் தெற்கே போனால் முதுமலை, கூடலூர், அதற்கு மேலே ஊட்டி. அங்கே தோடர் மக்கள். எருமை வளர்த்துப் பால் கறந்து வாழ்ந்தவர்கள். வேட்டையாடும் வழக்கம் இல்லாதவர்கள். அவர்களுக்கும் வில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது.

தோடர் பெண் கர்ப்பமாகி ஏழாம் மாதம் வாக்கில் 'வில் கொடுக்கும்' சடங்கு நடக்கும். மரத்தில் ஒரு சிறு பிறை குடைந்து விளக்கு வைப்பார்கள். கணவன் காட்டுச் செடியின் குச்சி ஒன்றை வளைத்து, புல்லை நாணாகக் கட்டி, ஒரு பொம்மை வில் செய்து மனைவி கையில் கொடுப்பான். அவள் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்திருப்பாள். அந்த வில்லைக் கொடுத்தவன்தான் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன். குழந்தை அவன் குலத்தைச் சேர்ந்தது. 1906-இல் வெளிவந்த ரிவர்ஸ் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளரின் புத்தகத்தில் இது விரிவாக எழுதப்பட்டிருக்கிறது.

வேட்டைக்கும் போருக்கும் வில்லைத் தொடாத மக்கள்கூட, 'இவன் என் பிள்ளை' என்று சொல்ல வில்லைத்தான் நீட்டினார்கள். இந்த விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. என் பிள்ளைக்கு நான் என்ன கொடுத்தேன்? கேட்டதற்குப் பதில்கூடக் கொடுக்கவில்லை.

கிழக்கே: ஓரியின் மலையில் இரண்டு நாள்

கடைசியாகக் கிழக்கே. மைசூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறினால் பெங்களூர், ஓசூர், தருமபுரி, சேலம் தாண்டி நாமக்கல். சேலம்–கரூர் பாதை 2013-இல் திறந்த பிறகுதான் நாமக்கல்லுக்கு ரயில் வந்தது. அங்கிருந்து பஸ். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னல் ஓரத்தில் உட்காருபவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது நல்லது.

மேலே செம்மேட்டில் குதிரை மீது அமர்ந்த வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன் இவன். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் என்ற புலவர் இவனைப் பாடியிருக்கிறார். காட்டில் ஒரு வேட்டுவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. யாரென்று தெரியாமல் பாணர் கூட்டம் அவனைப் பாடுகிறது. புகழ்ச்சியைக் கேட்டு அவன் கூசுகிறான், பரிசு தருகிறான். பார்த்தால் அவன் மலையின் அரசன் ஓரி. ஒரே அம்பில் ஐந்து உயிர் என்பது கவியின் கற்பனையாக இருக்கட்டும். புகழ்ந்தால் கூசுகிற வில்லாளி என்பது கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. பின்னாளில் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அந்தச் சேரனின் கொடியிலும் வில்தான்.

ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில், அதாவது ஆகஸ்ட் முதல் வாரத்தில், நாமக்கல் மாவட்ட நிர்வாகம் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடத்துகிறது. மலர்க் கண்காட்சி, அரசுத் துறைகளின் ஸ்டால்கள், கிராமியக் கலைகள் எல்லாம் உண்டு. ஆடிப்பெருக்கு என்பதால் அறப்பளீசுவரரைக் கும்பிட்டு ஆற்றில் குளிக்க வரும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். வழியெல்லாம் அன்னாசி, மிளகு, மலைவாழை. இவற்றுக்கு நடுவில் விழாவின் பகுதியாக வில்வித்தைப் போட்டியும் வைக்கிறார்கள். நான் மலை ஏறியது அதற்காகத்தான்.

மைதானத்தின் ஒரு கோடியில் இலக்குப் பலகைகள். நடுவில் மஞ்சள் வட்டம். அதைச் சுற்றிச் சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. மஞ்சளின் உள்வட்டத்தில் தைத்தால் 10, வெளிவட்டத்தில் 9. இப்படி ஒவ்வொன்றாகக் குறைந்து, ஓரத்து வெள்ளையில் தைத்தால் 1. மறுகோடியில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் நிற்பவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

எனக்கு உடனே பிடித்துப்போனது விசில். வில்வித்தையில் எல்லாம் விசில்தான். இரண்டு தரம் ஊதினால் கோட்டுக்கு வா. ஒரு தரம் ஊதினால் எய்யலாம். மூன்று தரம் ஊதினால் வில்லைக் கீழே வைத்துவிட்டு அம்பு எடுக்கப் போகலாம். கார்டு விசிலுக்கு வண்டி கட்டுப்படுகிற மாதிரி இங்கே கை கட்டுப்படுகிறது. கோட்டில் நிற்கும்போது பேச்சு இல்லை. யாரும் இலக்கின் பக்கம் போவதில்லை. வில் ஆபத்தான பொருள். அதனால்தான் அதைக் கற்றுக்கொள்ளும் இடத்தில் இவ்வளவு ஒழுங்கு.

வில்களில் இரண்டு சாதி. ஒன்று வெளிநாட்டிலிருந்து வருவது. உலோகப் பிடி, குறி பார்க்கும் கருவி, ஆட்டத்தைத் தடுக்கும் நீளக் கம்பிகள். போட்டிக்கு ஏற்ற தரத்தில் வாங்கினால் எல்லாச் சாமான்களும் சேர்த்து லட்ச ரூபாயைத் தாண்டும். இன்னொன்று நம் மூங்கில் வில். 'இந்தியன் ரவுண்ட்' என்ற பெயரில் அதற்கென்றே நம் நாட்டில் தனிப் போட்டி உண்டு. குறி பார்க்கும் கருவி கிடையாது. கண்ணும் கையும்தான்.

மூங்கில் வில்லைப் பற்றி அங்கே கேட்டறிந்த இரண்டு விஷயங்கள் மனதில் நின்றன. ஒன்று: எய்து முடித்ததும் நாணைக் கழற்றி வைக்க வேண்டும். நாணோடு வளைந்தே கிடந்தால் மூங்கில் அந்த வளைவிலேயே பழகி விசை போய்விடும். இரண்டு: அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடக்கூடாது. அம்போடு போகவேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி, வில் முறியும்.

ஆறு நாளும் ஷிப்டு, ஏழாம் நாள் ஓவர்டைம் என்று ஓடும் நம் போன்றவர்களுக்கு இந்த முதல் விஷயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மைதானக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மலைப் பிள்ளைகள் சிலர் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவன் கையில் வெறும் குச்சி. அதை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, விசில் ஊதும்போதெல்லாம் இல்லாத நாணை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அம்பு தைத்த சத்தம் கேட்டதும் தான் எய்ததாகவே நினைத்துச் சிரித்தான். போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

அர்ஜுனன் பெயரில் விருது

விளையாட்டு வீரர்களுக்கு மத்திய அரசு 1961 முதல் அர்ஜுனா விருது தருகிறது. விருதுக்கு வைத்த பெயரே வில்லாளியின் பெயர். ஆனால் இந்திய வில்வித்தைச் சங்கம் தோன்றியது 1973-இல்தான். வில்வித்தைக்கு முதல் அர்ஜுனா விருது கிடைத்தது 1981-இல். அர்ஜுனன் பெயரில் விருது வைத்து, அர்ஜுனன் தொழிலுக்கு அதைக் கொடுக்க 20 ஆண்டு ஆயிற்று. ஒலிம்பிக்ஸில் 1972-இல் வில்வித்தை திரும்ப வந்தது. நம் வில்லாளிகள் 1988-இல் சியோலில்தான் முதன்முதலாகக் கோட்டில் நின்றார்கள்.

அந்த அணியில் ஒருவர் லிம்பா ராம். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கத்து ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்து, மூங்கில் வில்லால் காட்டில் குறி பார்த்துப் பழகியவர். 1987-இல் விளையாட்டு ஆணையத்தார் ஆள் தேடி வந்தபோது கண்ணில் பட்டார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்ஸ். 1992-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் உலக சாதனையைத் தொட்டார். மூன்று ஒலிம்பிக்ஸ் கண்டார். 2012-இல் பத்மஸ்ரீ பெற்றார். ராஞ்சிப் பக்கத்தில் ஓர் ஆட்டோ டிரைவரின் மகள் தீபிகா குமாரி, கல்லெறிந்து மாங்காய் அடித்தவர், மூங்கில் வில்லில் தொடங்கியவர். 2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கினார். 2012-இல் உலகத்திலேயே முதல் இடத்துக்கு வந்தார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ஹர்விந்தர் சிங் தங்கம் வென்றார். இரு கைகளும் இல்லாத ஜம்மு-காஷ்மீர்ப் பெண் சீதல் தேவி காலால் வில்லைப் பிடித்து எய்து, ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கினார். ஆனால் ஒலிம்பிக்ஸில் வில்வித்தைக்கு இந்தியாவுக்கு இன்னும் ஒரு பதக்கம்கூட இல்லை. பாரிஸில் அங்கிதா, தீரஜ் இருவரும் கலப்பு ஜோடிப் போட்டியில் நான்காவதாக வந்தார்கள். அதுவே நாம் எட்டிய உயரம்.

70 மீட்டர் தூரத்தில், 12 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் ஒரு வட்டத்தில் அம்பு தைக்க வேண்டும். நம் பிளாட்பாரத்தில் மூன்று பெட்டி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு காப்பி டம்ளர் சாஸர். அதைக் கண் பழக்கத்தால்தான் அடிக்கலாம். கண் பழக்கம் தினப் பயிற்சியால்தான் வரும்.

இங்கேதான் பாரதத்தின் இன்னொரு வில்லாளி நினைவுக்கு வருகிறான். ஏகலைவன். வேட்டுவர் தலைவன் மகன். துரோணர் சேர்த்துக்கொள்ளாததால் மண்ணில் குருவைப் பிடித்து வைத்துத் தானே கற்றான். கற்றதற்குக் கட்டைவிரலைக் கொடுத்தான். மத்திய அரசு துரோணர் பெயரில் பயிற்சியாளர்களுக்கு விருது தருகிறது. கர்நாடக அரசு தன் விளையாட்டு விருதுக்கு ஏகலைவன் பெயரையே வைத்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் பெயர் வைத்ததும் கடன் தீர்ந்துவிடுமா? பனமரத்தில் துப்பாக்கியை எதிர்த்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும், கொல்லிமலையில் குச்சி பிடித்த சிறுவனும், லட்ச ரூபாய் வில்லை எங்கே போய் வாங்குவார்கள்? வில்லை மறக்காமல் காப்பாற்றி வைத்தவர்களுக்கு வில் எட்டாத விலையில் இருக்கிறது. அன்று விரலைக் கேட்டார்கள். இன்று விலையைக் கேட்கிறார்கள்.

இதற்கு வழி மூங்கிலில்தான் இருக்கிறது. லிம்பா ராமும் தீபிகாவும் தொடங்கியது மூங்கிலில். வயநாட்டிலும் நீலகிரியிலும் கொல்லிமலையிலும் பள்ளிக்கூடத்துக்கு நாலு மூங்கில் வில், ஒரு வைக்கோல் இலக்கு, விசிலோடு ஒரு வாத்தியார், வாரத்தில் இரண்டு நாள். இது பெரிய திட்டம் இல்லை. ஆண்டுக்கு ஒரு விழா நல்லதுதான். ஆனால் விழா முடிந்த மறுநாள் அந்தச் சிறுவன் கையில் மறுபடி குச்சிதானே இருக்கும்?

நமக்கு ஒரு யோசனை

மைசூரிலும் பெங்களூரிலும் நம் தமிழ் அமைப்புகள் பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி வைக்கின்றன. கோலப்போட்டி, உறியடி, சாக்கு ஓட்டம், மியூசிக்கல் சேர். இவற்றோடு மூங்கில் வில்லையும் சேர்க்கலாமே. சேர்ப்பதானால் ஒழுங்காகச் சேர்க்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும். இலக்குக்குப் பின்னால் மண்மேடோ தடுப்போ இல்லாத இடத்தில் கூடவே கூடாது. விசில் இல்லாமல் யாரும் நாணைத் தொடக்கூடாது. மொட்டை மாடியில் பிள்ளைகள் தாங்களே செய்து விளையாடும் ஊசி அம்பு கண்ணைக் குத்திய கதைகள் நமக்குத் தெரியும். அது வில்வித்தை அல்ல.

கொல்லிமலையிலிருந்து திரும்பும்போது மூன்று அடி மூங்கில் வில் ஒன்று வாங்கி வந்தேன். தட்டை முனை அம்பு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷிப்டு இல்லாதபோது, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் வைக்கோல் கட்டு ஒன்றை மண்மேட்டில் சாய்த்து வைத்துப் பையனும் நானும் நிற்கிறோம். இரண்டு விசில், ஒரு விசில், மூன்று விசில். முதல் மாதம் முழுக்க அம்பு மண்மேட்டைத்தான் தைத்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் காம்பவுண்டுச் சுவர்மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒரு நாள் என் பையன் அவரைப் பார்த்து "பன்னி அங்கிள்" என்றான். இப்போது அவரும் அவர் பெண்ணும் வருகிறார்கள்.

அடுத்த தசராவுக்கும் பன்னிமண்டபம் சாலையில் நின்றோம். யானை வந்தது, அம்பாரி வந்தது. பையன் வில்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில், நாண் கழற்றி, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.